கல்வெட்டில் விட்டுப்போன பெயர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அடுப்பை அணைத்தாயிற்றா, கொடியில் கிடக்கிற துணியை எடுத்தாயிற்றா? சரி, அப்படியே ஒருவரையொருவர் ஒட்டி உட்காருங்கள். இன்றைக்கு ஒரு கோட்டைக் கதை வைத்திருக்கிறேன். ராஜா கிடையாது, யானை கிடையாது. கோட்டை இருந்தது ஒரு கணினித் திரைக்குள்ளே. ஆனால் அதில் படுத்துத் தூங்கியவன் நிஜமான புருஷன், பக்கத்தில் காவல் இருந்தவள் நிஜமான பெண்டாட்டி. எதிரியால் அந்தக் கோட்டைக்கு ஒரு பங்கு ஆபத்து என்றால், காப்பாற்ற வந்தவர்களால் மூன்று பங்கு. எப்படி என்று சொல்கிறேன்.

பெண்டாட்டியின் பெயர் அனிதா மேரி. வரதராசன்பேட்டையில் பிறந்து, அரியலூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். புருஷன் லியோ பிரபு வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி வெல்டர். கல்யாணப் பந்தலைப் பிரித்த கையோடு விமானம் ஏறியவன். வீட்டில் அனிதாவும் மாமியார் தெரசம்மாளும் மட்டும்.

ஃபோனில் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. "சாப்டியா?" "சாப்டேன். நீங்க?" "ம்." "அம்மா?" "படுத்துட்டாங்க." அதற்குப் பிறகு காற்று இரைகிற சத்தம்தான். இப்படியே நாள் போகப் போக, லியோதான் ஒரு விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். கருந்தீவு என்று பெயர். ஊர் உலகத்து ஆட்களெல்லாம் ஒரே நேரத்தில் அதில் நடமாடலாம். கையில் ஒரு கல்லோடு கரையில் ஒதுங்க வேண்டியது. மரம் வெட்டி, பாறை உடைத்து, வீடு கட்டிப் பிழைக்க வேண்டியது. வீட்டுக்குள் உரிமைப் பெட்டி என்று ஒன்று இருக்கும். அதில் யார் பெயர் பதிந்திருக்கிறதோ அவர்தான் அந்த வீட்டில் ஒரு கல் வைக்கலாம். கதவுக்கு எண்பூட்டு. பூட்டு எண் தெரிந்தவன் நுழையலாம், வெடிமருந்து வைத்திருப்பவன் சுவரை உடைத்துக்கொண்டும் நுழையலாம்.

இன்னொன்று இருக்கிறது, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். விளையாட்டை அணைத்துவிட்டுப் போனாலும் அதில் நம் உருவம் மறையாது. படுத்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும். எவனாவது கண்டு ஒரு வெட்டு வெட்டினால் தீர்ந்தது. அடுத்த முறை வரும்போது வீடும் இருக்காது, துணியும் இருக்காது. பழையபடி கரையில் கல்லோடு எழ வேண்டும்.

சேர்ந்து மரம் வெட்ட ஆரம்பித்ததும் இருவருக்கும் பேச்சு தானாக வந்தது.

"சமையக்கட்டு எதுக்குங்க? இங்க யாரு சோறாக்கப் போறா?"

"வூடுன்னா சமையக்கட்டு வேணும்டி. கட்டு."

ஜன்னல் எந்தப் பக்கம் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் ஒழுங்காகப் போட்ட முதல் சண்டை அதுதான். கடைசியில் ஜன்னல் கடலைப் பார்த்து அமைந்தது. ஒரு கட்டில், ஒரு விளக்கு, படுக்கையறைக் கதவுக்கு இருவருக்கு மட்டுமே தெரிந்த பூட்டு எண்.

அப்புறம் ஒரு நாள் லியோ சொன்னான். "என்னைய நடுக்கடல்ல எண்ணெ எடுக்கற ரிக்குக்கு மாத்திட்டாங்க. அங்க நெட்டு கெடையாது. எத்தன மாசம்னு சொல்லல."

அவன் உருவம் கட்டிலில் போய்ப் படுத்தது.

"நான் திரும்ப முழிக்கறப்ப நம்ம வூட்ல முழிக்கணும் அனிதா. கரையில அனாதையாட்டம் முழிக்க வுட்டுடாத."

"போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

இந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுத்தான் அவளுக்குத் தூக்கம் போயிற்று. அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. யார் செய்வது என்று விசாரித்தால், பெரம்பலூர் அணி என்றார்கள். என்ன வழி என்று விசாரித்தால், சங்கத்தில் சேரச் சொன்னார்கள்.

அரியலூர் மாவட்ட இணையக் கோட்டைகள் பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுச் சங்கம். தலைவர் ராசாங்கம், உடையார்பாளையத்துக்காரர், ஏதோ ஓர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்துப் போட ஒன்றும் இல்லாமல் அப்பாவுக்குக் கை நடுங்குகிறதே என்று மகன் இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்திருந்தான். செயலாளர் இளவரசன், ஜெயங்கொண்டத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன்.

"டீச்சர், கவலைய வுடுங்க" என்றார் ராசாங்கம். "நம்ம சங்கத்துல இதுவரைக்கும் ஒரு கோட்டையும் முறையில்லாம விழுந்ததில்ல."

"விழுந்திருக்கா சார்?"

"விழுந்திருக்கு. எல்லாம் முறைப்படி விழுந்திருக்கு."

முதல் வேலையாக உரிமைப் பெட்டியில் அனிதாவின் பெயரை எடுத்துவிட்டு நிர்வாகிகளின் பெயர்களைப் பதிந்தார்கள். பாதுகாப்பு என்றால் பொறுப்பு ஓரிடத்தில் இருக்க வேண்டுமாம்.

"அப்ப என் வூட்டுல நானே ஒரு கல்லு வைக்க முடியாதா சார்?"

"ஏன் முடியாது? விண்ணப்பிச்சுட்டு வையுங்க."

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். படுக்கையறையைச் சுற்றி இன்னொரு கற்சுவர். விண்ணப்பம் வடிவமைப்புக் குழுவுக்குப் போயிற்று. குழு வந்தது, அளந்தது, அவள் சேர்த்து வைத்திருந்த கல் முழுவதையும் எடுத்து வாசலில் ஒரு தோரண வளைவு கட்டியது. வளைவுக்குப் பின்னால் ஒரு கூட்ட அரங்கு, மேடை, முக்கியப் பிரமுகர்கள் காத்திருக்க ஓர் அறை, சங்கத்துக்கு ஒரு பண்டகசாலை. மாலை மரியாதையோடு வருகிறவர்கள் தலை குனியக் கூடாது என்று வாசற்கதவை இரண்டு பங்கு அகலமாக்கினார்கள். படுக்கையறையின் சுவர் பழைய பலகைச் சுவராகவே நின்றது.

"ரெண்டாம் கட்டப் பணியில வருது டீச்சர்" என்றான் இளவரசன்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த தெரசம்மாள், "கோயில் திருவிழாவுக்குப் போட்ட பந்தலாட்டம் இருக்கு. இதுலயா எம் மவன் படுத்துருக்கான்?" என்றாள்.

சங்கத்தில் சேரும் முன்பே அனிதா வாசலில் தானே சுடும் துப்பாக்கி ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். யார் வந்தாலும் சுடும், அதற்கு ஆள் தெரியாது. சங்கத்தின் துணைத் தலைவர் முன்னறிவிப்பில்லாமல் ஆய்வுக்கு வந்தபோது அவரையும் சுட்டுவிட்டது. மறுநாளே துப்பாக்கியைக் கழற்றி ஆயுதக் கிடங்கில் பூட்டினார்கள். அது இருந்த இடத்தில் ஒரு பலகை: "எச்சரிக்கை. இங்கே துப்பாக்கி பொருத்தப்பட உள்ளது."

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் அனிதா சட்ட விதியைப் புரட்டினாள். கல் வைக்க அனுமதி, கதவு வைக்க அனுமதி, விளக்கு ஏற்றக்கூட அனுமதி. பெயர்ப் பலகைக்கு மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம், உரிமைப் பெட்டியில் பெயரும் வேண்டாம். அதற்கும் குழுவைக் கூட்டினால் நிர்வாகிகளின் பெயர் வெளியே தெரியத் தாமதமாகும் என்று விதியிலேயே காரணம் எழுதியிருந்தது.

கோட்டைக்குத் திறப்பு விழா என்றார்கள். சிறப்பு விருந்தினர் யார் என்று அனிதா கேட்டாள். பெரம்பலூர் அணித் தலைவர் அரங்கநாதன்.

"சார், அவருதான் சார் எல்லா வூட்டையும் உடைக்கறது."

"அதனாலதான் கூப்புடறோம்" என்றார் ராசாங்கம். "டீச்சர், அரியலூரும் பெரம்பலூரும் ஒண்ணா இருந்து பிரிஞ்சு, மறுபடி சேந்து, மறுபடி பிரிஞ்ச மாவட்டம். அந்தப் பாசம் போயிடுமா? ஒருத்தருக்குப் பொன்னாட போத்திட்டோம்னா அப்புறம் அவரு நம்மள எப்புடி வெட்டுவாரு?"

"சரி சார். பூட்டு எண்ண மட்டும் சொல்லிடாதீங்க."

"கதவத் தொறந்து வைக்க வரவருக்கு எண்ணு சொல்லாம இருந்தா அது அவமரியாத இல்லையா?"

விழாவில் வாசற்கதவின் எண்ணை ராசாங்கம் ஒலிபெருக்கியில் சொன்னார். சரியாகக் கேட்டதா என்று இரண்டாம் முறையும் சொன்னார். அரங்கநாதன் தன் கையால் பூட்டைத் திறந்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் வரவேற்புரை. தலைவர், செயலாளர், துணைத் தலைவர், முன்னாள் துணைத் தலைவர், வடிவமைப்புக் குழு, தோரண வளைவுத் துணைக்குழு என்று ஒவ்வொரு பெயராக வாசித்து ராசாங்கத்துக்கு மூச்சு வாங்கியது. கடைசியில், "மற்றும் வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே" என்று முடித்துக்கொண்டார்.

அரங்கநாதனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரம்பலூரில் விழாக்களுக்கு நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். எத்தனையோ மேடைக்கு அவர்தான் மைக் கட்டியிருக்கிறார். எந்த மைக்கிலும் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று அவரே சொன்னதோடு சரி.

விழா முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். அரங்கநாதனின் உருவம் மட்டும் வாசலில் சங்கம் பதித்திருந்த திறப்பு விழாக் கல்வெட்டுக்கு எதிரே நின்றது. அதன் பார்வை மேலிருந்து கீழே போயிற்று, கீழிருந்து மேலே வந்தது. கல்வெட்டில் பதினெட்டுப் பட்டி நிர்வாகிகளும் இருந்தார்கள். திறந்து வைத்தவர் என்ற இடத்தில், "சிறப்பு விருந்தினர்" என்று மட்டும் போட்டிருந்தது. பெயருக்கு இடம் போதவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அவர் அப்படியே திரும்பிப் போனார்.

அனிதா அதைக் கவனித்தாள். பள்ளி ஆண்டு விழாக்களில் அவளுக்குத்தான் வரவேற்புரை. பெயர் விட்டுப்போன ஒரு மனிதர் எப்படி நடந்து போவார் என்பது அவளுக்குத் தெரியும்.

"சார், அவரு கோவமா போறாரு. பூட்டு எண்ண மாத்திடுவோம்."

"திறந்து வச்ச கதவுக்கு எண்ண மாத்தினா, மறுபடி திறப்பு விழா வைக்கணுமே டீச்சர்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்து தெரசம்மாள் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். அனிதா வழக்கம்போல் கருந்தீவுக்குள் போய் லியோவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கடல். அவன் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விளையாட்டில் தூங்குகிறவர் எல்லோருக்கும் அப்படித்தான் ஏறி இறங்கும். இருந்தாலும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

வாசல் பக்கம் பூட்டு எண் அழுத்துகிற சத்தம் கேட்டது. நாலு முறை டிக், டிக். கதவு திறந்தது.

நிறையக் காலடி. அகலமான கதவு என்பதால் ஒரே நேரத்தில் நாலைந்து பேர் தாராளமாக நுழைந்தார்கள்.

"பண்டகசாலய மொதல்ல அள்ளுங்கடா" என்றது அரங்கநாதனின் குரல். "அப்புறம் உள்ள ஒரு ரூமு இருக்கு. பலக செவுருதான். ஒரு வெடி போதும்."

அனிதா சங்கத்தைக் கூப்பிட்டாள். "சார், வந்துட்டாங்க. உள்ள இருக்காங்க. என்னைய ஒரு செவுரு வைக்க வுடுங்க, இல்ல துப்பாக்கியக் குடுங்க."

"பதறாதீங்க டீச்சர். அவசரக் கூட்டம் கூட்டிட்டேன்" என்றார் ராசாங்கம்.

அவசரக் கூட்டம் இறைவணக்கத்தோடு தொடங்கியது. அடுத்து, வர இயலாதவர்களின் வருத்தம் பதிவு செய்யப்பட்டது. ஆயுதக் கிடங்கின் எண் தெரிந்தவரும் வர இயலாதவர்களில் ஒருவர், மைத்துனிக்கு வளைகாப்பாம். தாக்குதல் நடைபெறுகிறதா என்பதை நேரில் கண்டறியத் துணைக்குழு ஒன்று அமைக்கலாம் என்று இளவரசன் முன்மொழிந்தான்.

பண்டகசாலைச் சுவர் வெடித்தது. திரை குலுங்கியது. அரைத்த கையோடு தெரசம்மாள் ஓடி வந்தாள்.

"என்னாடி சத்தம்?"

"உள்ள வந்துட்டாங்க அத்த. அடுத்து இங்கதான்."

"சார், சத்தம் கேட்டுச்சா?" என்றாள் மைக்கில்.

"கேக்குது. டீச்சர், ஒங்க மைக்க அணைச்சுக்கங்க" என்றான் இளவரசன். "வெடிச்சத்தத்துல தீர்மானம் காதுல வுழல."

"என் வூட்டுக்காரரு தூங்குறாருங்க."

ராசாங்கத்தின் குரல் கனிந்தது. "டீச்சர், நான் முப்பத்தஞ்சு வருசம் ஆபீஸ்ல இருந்தவன். செவுரு போனா கட்டிக்கலாம். ஆளு போனாலும் அந்த எடத்துக்கு வேற ஆளு வந்துரும். நடைமுறை போயிட்டா அத யாரு கட்டுறது சொல்லுங்க? ஒங்க கோட்ட விழுந்தாலும் சங்கம் ஒங்க பக்கம் நிக்கும். இரங்கல் தீர்மானம் போடாம விடமாட்டோம்."

அனிதா அந்த இணைப்பைத் துண்டித்தாள்.

அறைக்குள் பெட்டியில் இருந்தது கொஞ்சம் துணி, ஒரு மரப்பலகை, ஒரு டப்பா சாயம். வெளியே பண்டகசாலையைக் கொட்டிக் கவிழ்க்கிற சத்தம். அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பின்கட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. விரிசல் விட்டு ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. பிள்ளைகள் மேல் விழும் என்று எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. ஆனாலும் இடிக்க ஒருவருக்கும் கை வரவில்லை. அதில் யாரோ அடிக்கல் நாட்டிய கல்வெட்டு பதித்திருக்கிறது. அந்தக் கல்லைத் தொடத் தைரியம் உள்ளவர் மாவட்டத்திலேயே கிடையாது.

அவள் பலகையை எடுத்தாள். சாயத்தைத் தொட்டு எழுதத் தொடங்கினாள்.

"என்னாடி எழுதற இப்ப போயி?"

"அவரு பேரு அத்த. அன்னிக்கு வுட்டுட்டாங்களே."

தெரசம்மாள் ஒரு கணம் மருமகளைப் பார்த்தாள். மருமகளுக்குப் புத்தி பிசகவில்லை என்று தெரிந்ததும் குனிந்து திரையைப் பார்த்தாள். "மொட்டையா போடாத. முன்னால பெருசா எதாவது போடு. பங்குக் கோயில்ல பேனரு அடிக்கறப்ப போடுவாங்கள்ல, அதாட்டம்."

பெருந்தகை போட்டாள். கொடைவள்ளல் போட்டாள். கீழே ஓரத்தில், "இப்படிக்கு, லியோ பிரபு, அனிதா மேரி" என்று போட நினைத்தாள். இடமில்லை. பட்டங்களே பலகையை நிறைத்துவிட்டன. அதைத் துடைத்துப் புதிதாக எழுத நேரமும் இல்லை.

இனி அதை மாட்ட வேண்டும். கதவின் வெளிப்பக்கத்தில். அதற்குக் கதவைத் திறக்க வேண்டும்.

"தொறக்காத" என்று தெரசம்மாள் கிசுகிசுத்தாள், தன் குரல் பெரம்பலூருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

அனிதா திறந்தாள். நடைபாதையின் கோடியில் ஒருவனின் முதுகு தெரிந்தது, மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பலகையைக் கதவில் வைத்தாள். கோணலாக நின்றது. எடுத்து நேராக வைத்தாள். அவன் முதுகு நிமிர்ந்தது. அவள் உள்ளே வந்து பூட்டினாள். பூட்டு விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, இங்க யாரோ இருக்காங்க."

காலடிகள் நெருங்கின. கதவுக்கு மறுபுறம் வெடிமருந்துப் பொட்டலம் ஒன்றைச் சுவரில் ஒட்டுகிற சத்தம். அனிதா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றாள். கையில் ஒரு கல் இருந்தது, கரையில் ஒதுங்கும்போது எல்லோருக்கும் கிடைக்கிற அதே கல்.

"தீய வைக்கவாண்ணே?"

"வை... இரு. இரு இரு. என்னடா அது?"

"பலகண்ணே. ஏதோ எழுதியிருக்கு."

"வெளிச்சத்தக் காட்டு."

அப்புறம் அரங்கநாதன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற குரல் மெதுவாக வந்தது. "இவ்வறைக்கு... பெரம்பலூர்ப் பெருந்தகை, கொடைவள்ளல், மாண்புமிகு அரங்கநாதன் அவர்கள்... தம் பொற்கரங்களால் அடிக்கல் நாட்டினார்கள்."

இன்னொரு முறை படித்தார். இரண்டாம் முறை தடங்கல் இல்லாமல் வந்தது.

"நாம எப்பண்ணே இங்க அடிக்கல்லு நாட்டுனோம்?"

"சும்மா இர்ரா."

"வைக்கவாண்ணே தீய?"

"பேரு இருக்குடா."

"பலகதானண்ணே. கழட்டி எடுத்துட்டுப் போயிடுவோமா?"

"அத வூட்டுல மாட்டி நானே பாத்துக்கிட்டு இருக்கவா? செவுத்துல இருந்தாதாண்டா பேரு." அப்புறம் உத்தரவு வந்தது. "வெடிய எடு. பாத்து எடு, பலகையில கரி பட்டுடப் போவுது. ஒரு போட்டோ புடி. நான் இப்புடி நிக்கறேன். எழுத்து மறையுதா?"

"மாண்புமிகு மறையுதுண்ணே."

"கொஞ்சம் தள்ளி நிக்கறேன், இரு."

உள்ளே அனிதாவின் கையிலிருந்த கல் இன்னும் இறங்கவில்லை. தெரசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள், அரைத்த மசாலா நெற்றியில் ஒட்டியது.

"யாரு உள்ள?" என்று அரங்கநாதன் கதவைத் தட்டிக் கேட்டார்.

"நான்தாங்க. அனிதா டீச்சரு. எங்க வூட்டுக்காரரு தூங்குறாரு."

"தூங்கட்டும்மா. நாம அடிக்கல்லு நாட்டுன ரூமு. எவன் கை வைக்கறான்னு பாக்கறேன்."

போகிற போக்கில் கூட வந்தவன் ஒருவன், "டீச்சர், ஓரத்துல எடமிருந்தா என் பேரயும் ஒண்ணு போடுங்க" என்றான்.

அன்றைக்கு மாலை சங்கம் தீர்மானம் நிறைவேற்றியது. சங்கத்தின் தொலைநோக்கால் கோட்டை காக்கப்பட்டது என்றும், பண்டகசாலை முறைப்படி விழுந்தது என்றும். அடுத்த வாரம் ராசாங்கம் ஒரு பலகை கொண்டுவந்து மாட்டினார், பலகை காத்த தலைவர் என்று. பெரம்பலூர் ஆட்கள் அவர்களுடையதை மாட்டினார்கள். இளவரசன் தன் செல்போன் கடைக்கும் சேர்த்து ஒன்று மாட்டினான். கொஞ்ச நாளில் பலகைச் சுவர் கண்ணுக்கே தெரியவில்லை. யாருடைய பெயரையாவது உடைக்காமல் அந்த அறைக்குள் நுழைய வழியே இல்லாமல் போயிற்று. இரண்டு மாவட்டத்து ஆட்களும் தங்கள் தங்கள் பெயருக்கு முறைவைத்துக் காவல் நின்றார்கள்.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு சாயங்காலம் அனிதா கட்டிலருகே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். கட்டிலில் படுத்திருந்த உருவம் புரண்டது. எழுந்து உட்கார்ந்தது.

"அனிதா?"

அவள் விடைத்தாளைக் கீழே வைத்தாள். "ம்" என்றாள்.

"ரிக்க வுட்டுக் கரைக்கு வந்துட்டேன். இப்பதான் நெட்டு கெடச்சுது." ஜன்னலைப் பார்த்தான். கடல் இருந்தது. சமையற்கட்டை எட்டிப் பார்த்தான். அதுவும் இருந்தது. கதவைத் திறந்து வெளியே போனவன் அப்படியே நின்றான். பலகைகளை மேலிருந்து கீழே படித்தான், கீழிருந்து மேலே படித்தான்.

"யாரு வூடு அனிதா இது? நம்ம பேரு ஒரு எடத்துலயும் காணமே."

"அதனாலதாங்க நிக்குது" என்றாள் அனிதா. "உள்ள வாங்க."

அவன் உள்ளே வந்தான். அவள் கதவைச் சாத்தினாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலில் எவர் பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே படுத்தவர்கள் படுத்த இடத்திலேயே நல்லபடியாகக் கண் விழிக்கட்டும். தூரதேசம் போனவர்கள் திரும்பி வந்து கூப்பிடும்போது, "உள்ள வாங்க" என்று சொல்ல உங்கள் வீட்டில் எப்போதும் ஒரு குரல் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.